மீந்த சோறும் மிச்சக் குழம்பும்: வேலைநாள் இரவுச் சமையலை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வியின் சாரம் இது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒன்று இருக்கிறது. காலை ஆறரை மணிக்குள் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் முடிந்து டப்பாக்களில் ஏறிவிடுகின்றன. மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது இரண்டு கப் சோறு, அரைப் பாத்திரம் சாம்பார், ஒரு கைப்பிடி பொரியல், புளித்த தோசை மாவு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏதேதோ மீந்திருக்கிறது. ஒருவருக்கும் முழுதாகப் போதாத அந்த மிச்சங்களைப் பார்த்து அலுத்துப்போய், வாரத்தில் பாதி நாள் உப்புமாவாகவும் மீதி நாள் கடைப் பரோட்டாவாகவும் கழிகிறது. மீந்ததைச் சாப்பிடுவது உடம்புக்குச் சரியா, பிள்ளை ‘பழசு’ என்று முகம் சுளிக்காதபடி அதை மாற்ற முடியுமா, ஒன்றுமே மிஞ்சாத நாளில் என்ன செய்வது, புளித்த மாவை எப்படித் தீர்ப்பது என்பவை இதில் அடங்கிய கேள்விகள்.

மாலை ஏழு மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டு தீர்க்கப் பார்ப்பதால்தான் இந்தச் சிக்கல் தீராமல் இருக்கிறது. மிச்சத்தை வைத்துச் செய்யும் இரவுச் சமையல், காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் தொடங்கிவிடுகிறது. எதை, எந்தப் பதத்தில், எந்தப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மாலையில் கையில் இருப்பது சமைக்க உதவும் பொருளா, கொட்ட வேண்டிய பண்டமா என்பது முடிவாகிறது.

உடம்பைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிர வைப்பதாக இருந்தால் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் சூடாக வைப்பதாக இருந்தால் 60 டிகிரிக்கு மேலேயும் வைக்க வேண்டும், மறுபடி சூடாக்கும்போது உள்வரை 70 டிகிரியைத் தாண்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்கு. சோற்றுக்கு மட்டும் பிரிட்டனின் உணவுத் தர முகமை இன்னும் கண்டிப்பாக இருக்கிறது: ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. இதற்குக் காரணம் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அரிசியில் இயல்பாகவே இருக்கும் அதன் உறங்குநிலை வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு வெப்பத்துக்கு அசையாது என்பதால், பன்னிரண்டு மணி நேரம் குக்கருக்குள்ளேயே கிடந்த சோற்றை இரவில் நன்றாக வறுத்தாலும் கிளறினாலும் அது பாதுகாப்பாகிவிடாது. கெட்டதா இல்லையா என்று முகர்ந்து பார்க்கும் பழக்கமும் இங்கே முழுதாகக் கைகொடுப்பதில்லை. ஊசிப்போன வாடையோ கரண்டியில் நூல் விடுவதோ தெரிந்தால் கொட்ட வேண்டியது நிச்சயம். அவை தெரியாததாலேயே நல்ல சோறு என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே காலையில் டப்பா கட்டி முடித்ததும், மீதிச் சோற்றைக் குக்கரில் மூடி வைத்துவிட்டுப் போகாமல், ஒரு அகன்ற தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்துவிடுங்கள். குளித்து உடை மாற்றுவதற்குள் அது ஆறிவிடும். ஆழமில்லாத டப்பாவில் அள்ளி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. முழுக்கச் சில்லிட்ட பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும் என்று சிலர் மணிக்கணக்கில் வெளியே காக்க வைக்கிறார்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வைத்தால் போதும். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். பழைய சோறு என்பது ஆறின உடனே தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேறி, அந்தப் புளிப்பினாலேயே மற்றக் கிருமிகள் அடங்கும் ஒரு தனிப் பக்குவம். நாள் முழுக்கக் காய்ந்து கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்குவம் வந்துவிடாது.

குழம்பு வகைகளுக்கும் இதே கவனம் வேண்டும் என்றாலும் எல்லாக் குழம்பும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் காலையில் வைத்த குழம்பை மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று கொதிக்க வைத்து இறக்கியே காப்பாற்றினார்கள்; வீட்டில் ஆள் இருந்ததால் அது நடந்தது. அப்போதும் புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலாக இருந்த வற்றல் குழம்பும் காரக்குழம்பும்தான் மறுநாள் வரை நின்றன. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் பருப்பு மிகுந்த சாம்பாரும் மாலைக்குள் தீர்க்கப்பட்டன. இந்த அனுபவத்தில் இருந்துதான் மிச்சத்தைத் தரம் பிரிக்கும் முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். மீந்திருப்பது அவரைக்காய்ப் பொரியலா, முட்டைக்கோஸ் பொரியலா என்று பெயரை வைத்துப் பார்த்தால் ஒரு வழியும் தோன்றாது. அதில் ஈரம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, தேங்காய் விழுந்துவிட்டதா என்ற மூன்றையும் பார்த்தால் அடுத்து அது என்னவாக முடியும் என்பது தானாகத் தெரியும்.

தேங்காய் விஷயத்தில் கைப்பழக்கம் ஒன்றை மாற்றிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பொரியல் வெந்து சுருண்டதும், தேங்காய்த் துருவலைத் தூவுவதற்கு முன்னால், இரவுக்கான பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். வெறும் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்த காய் பிறகு எதனுடனும் சேரும். தேங்காய் விழுந்த காய் அன்றைக்கே தீர வேண்டியதாகிறது, சப்பாத்திக்குள் வைத்தாலும் சாண்ட்விச்சுக்குள் வைத்தாலும் பொரியலாகவே ருசிக்கிறது. பருப்புக்கும் இதையே செய்யலாம். சாம்பாருக்காக வேகவைக்கும்போது அரை ஆழாக்குத் துவரம்பருப்பைக் கூடப் போட்டு, புளியும் பொடியும் படாத வெறும் பருப்பாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால், இரவுக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் கிடையாது. மாலையில் அது பத்து நிமிடத்தில் பருப்பு ரசமாகும், பூண்டும் சீரகமும் தாளித்துச் சப்பாத்திக்கு டாலாகும், மீந்த பொரியலைப் போட்டுக் கொதிக்கவிட்டால் கூட்டாகும். மிஞ்சிப்போவது வேறு, வேண்டுமென்றே மிச்சம் பிடிப்பது வேறு. வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இரண்டாவதுதான் உதவும்.

இனிச் சோற்றுக்கு வருகிறேன். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சோறு உதிரி உதிரியாக, விறைத்துப்போய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெந்தபோது தண்ணீரை உறிஞ்சி இளகிய மாவுச்சத்து, குளிரும்போது மறுபடி இறுகிப் படிகம் போலக் கட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது. வறுக்கும் வகைக்கு இந்த இறுக்கம் ஒரு வரம்: ஃபிரைட் ரைஸ், முட்டைச் சோறு, மிளகுச் சோறு எதுவும் சுடுசோற்றைவிடக் குளிர்ந்த சோற்றில் குழையாமல் வரும். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு போன்றவற்றுக்கு இது தடை. விறைத்த பருக்கைக்குள் உப்பும் புளிப்பும் இறங்குவதில்லை. அதற்கு ஒரு கை தண்ணீர் தெளித்து, இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் சோறு காலையில் இருந்த பதத்துக்குத் திரும்பிவிடும். உப்புமா மாதிரி வாணலியிலேயே போட்டுக் கிண்டிக் கிண்டிச் சூடேற்றுவதால்தான் பலர் வீட்டு எலுமிச்சைச் சோறு பாதி விறைப்பும் பாதி கூழுமாக அமைகிறது.

மூன்று கப் சோற்றுக்கான அளவைச் சொல்கிறேன். ஆவி காட்டிய சோற்றைத் தட்டில் கொட்டி ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு விரல்களால் உதிர்த்துக்கொள்ளுங்கள். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கவிட்டு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, ஒரு கை வேர்க்கடலை என்ற வரிசையில் போட்டுச் சிவக்கவிட்டு, கீறிய பச்சை மிளகாய், பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள் சேர்த்து அடுப்பை அணைத்துவிடுங்கள். உப்பையும் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாற்றையும் அணைத்த பிறகே விட வேண்டும்; கொதிக்கும் எண்ணெயில் சாறு விழுந்தால் கசப்பு தட்டும், மணமும் போய்விடும். பிறகு சோற்றைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் புரட்டி, கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். அந்தக் கால் மணியில் அப்பளம் சுட்டுவிடலாம், ஒரு துவையலும் அரைத்துவிடலாம்.

எந்த அரிசி என்பதும் முக்கியம். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு போன்ற கலவைச் சாதங்களுக்கு வடித்த புழுங்கலரிசிச் சோறு ஏற்றது. குக்கரில் குழைந்த பச்சரிசிச் சோற்றை அப்படி உதிர்க்கவே முடியாது. அதைச் சூடான பால் விட்டு மசித்து, ஆறியதும் ஒரு கரண்டி தயிர் சேர்த்துத் தயிர்ச்சோறாக்குவதே புத்திசாலித்தனம். ஒரு கப் சோறுதான் மிச்சம், அது ஒருவருக்கும் போதாது என்ற நாளில் அதைச் சோறாகவே பரிமாற வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். அரை கப் சோற்றோடு ஒரு கப் ரவை, அரை கப் தயிர், உப்பு சேர்த்து மிக்ஸியில் அரைத்துக் கால் மணி ஊறவிட்டால் மூன்று பேருக்குத் தோசை வார்க்க மாவு கிடைக்கும். நன்றாகச் சிவந்து மொறுமொறுப்பாக வரும். குடகில் அக்கி ரொட்டிக்கு வெந்த சோற்றையும் அரிசி மாவையும் சேர்த்துப் பிசைவது வழக்கம். அந்த முறையில் மீந்த சோற்றை மைய மசித்து, பிடிக்கும் அளவுக்கு அரிசி மாவு சேர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் போட்டுத் தட்டிச் சுட்டால் பிள்ளைகள் அதைப் பழசு என்று அடையாளம் காண மாட்டார்கள்.

பிள்ளை முகம் சுளிப்பதற்குச் சுவைதான் காரணம் என்று எப்போதும் எண்ண வேண்டாம். மதியம் டப்பாவில் பார்த்த அதே தோற்றம் இரவுத் தட்டிலும் வருவது பெரியவர்களுக்கும் அலுப்பைத் தருகிறது. வடிவம் மாறினால் பாதி எதிர்ப்பு குறைந்துவிடும். மீதிப் பாதியைத் தாளிப்பு பார்த்துக்கொள்ளும். நேரம் போகப் போகக் குழம்பில் முதலில் மங்குவது மணம்தான். பெருங்காயம், கறிவேப்பிலை, மிளகு, பூண்டு ஆகியவற்றின் வாசம் ஆவியாகும் எண்ணெய்களில் இருப்பதால் ஒவ்வொரு கொதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. உப்பும் புளிப்பும் காரமும் அப்படியே நிற்க, மணம் மட்டும் போய்விடுவதைத்தான் நாக்கு ‘பழசு’ என்று சொல்கிறது. ஆகவே மீந்த எதையும் வெறுமனே சூடு பண்ணிப் பரிமாறாமல், புதிதாக ஒரு தாளிப்போ அரை தேக்கரண்டி புதுப் பொடியோ சேர்த்துப் பரிமாற வேண்டும்.

சாம்பாருக்கு இது நன்றாகப் பொருந்தும். அரைப் பாத்திரம் சாம்பாரில் காயெல்லாம் கரைந்து குழம்பும் இறுகியிருக்கும். அதில் தண்ணீரை மட்டும் ஊற்றி நீட்டினால் நீர்த்த சாம்பார்தான் கிடைக்கும். எடுத்து வைத்த வெறும் பருப்பில் அரை கப்பும் வெந்நீரும் சேர்த்து, வேறொரு வாணலியில் சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, சிட்டிகை சாம்பார்ப் பொடி போட்டுப் புரட்டி, அதன் மேல் பழைய சாம்பாரை ஊற்றி நன்றாகக் கொதி வந்து இரண்டு நிமிடம் ஆனதும் கொத்தமல்லி போட்டு இறக்கினால் இட்லிக்கும் தோசைக்கும் ஏற்ற டிபன் சாம்பாராகிவிடும். உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள், முதலில் போட்ட உப்பு அப்படியே இருக்கிறது. இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் விசேஷத்துக்கு மறுநாள் மீந்த சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, மெல்லிய தீயில் தண்ணீர் வற்றும் வரை சுண்ட வைத்து எடுப்பதைச் சுண்டக்கறி என்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் அது பழங்கறி. கரண்டியில் எடுத்தால் விழாத அளவுக்குச் சுண்டிய அந்தக் கறிக்கு முந்தின நாளின் எந்தக் காயின் சுவையும் தனியே தெரியாது. தயிர்ச்சோற்றுக்கு அதைவிடப் பொருத்தமான தொடுகறியைச் சொல்வது கடினம். இரண்டு மூன்று மிச்சங்கள் சேர்ந்துபோன வெள்ளிக்கிழமை இரவில் இதைச் செய்து பாருங்கள். அடிகனமான இரும்பு வாணலியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். புளி சேர்ந்த எதையும் அலுமினியப் பாத்திரத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது; அலுமினியம் புளிப்பில் கரையும், பித்தளை களிம்பேறிவிடும். இரும்பில் சுண்ட வைத்ததையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

காரக்குழம்போ வெங்காயக் குழம்போ மீந்திருந்தால், முட்டை சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. குழம்பில் அரைக் கரண்டி வெந்நீர் விட்டுக் கொதிக்கவிட்டு, தீயைத் தணித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து ஓரம் ஓரமாக இறக்கி, கரண்டி போடாமல் மூடி வைத்தால் ஆறேழு நிமிடத்தில் மஞ்சள் கரு கெட்டிப்பட்டுவிடும். பார்வைக்குப் புதுக் குழம்பு. உழைப்பு என்று ஒன்றும் இல்லை. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பதும் உண்மைதான். புளியும் காரமும் துண்டுக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. ஆனால் அந்த ருசிக்காகவும் அதை வெளியே விட்டுவைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, இரவுக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து, சட்டியை ஆட்டி ஆட்டிக் கொதிக்கவிடுங்கள். கரண்டியால் கிளறினால் மீன் உடைந்துபோகும். இறைச்சிக் குழம்பும் அப்படியே. எதையும் முழுப் பாத்திரமாகத் திரும்பத் திரும்பச் சூடாக்கி மறுபடி உள்ளே வைக்க வேண்டாம்.

ரசம் மட்டும் ஒரு சங்கடமான பண்டம். நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதித்தால் ருசி போய்விடும் என்று பழகியிருக்கிறோம். மீந்த ரசத்தையோ கொதிக்க வைக்காமல் பரிமாறக் கூடாது. கொதிக்கவிட்டு அணைத்த பிறகு, நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டை நெய்யில் பொரித்துக் கொட்டி மூடிவிடுவதே இதற்கு வழி. மாலையில் வரும் வழியில் வாங்கிய பருப்பு வடை இருந்தால் அந்தச் சூட்டிலேயே ஊறப்போடலாம்.

தேங்காய் போடாமல் எடுத்து வைத்த பொரியலுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் எதுவானாலும் ஊத்தப்பத்தின் மேல் தூவலாம், அடை மாவில் கலக்கலாம். உருளைக்கிழங்கு வறுவலை மசித்தால் மசாலா தோசைக்கு உள்ளே வைக்கலாம், கோதுமை மாவில் சேர்த்துப் பிசைந்தால் பராத்தா. ஈரம் மிகுந்த பூசணி, சுரைக்காய், சௌசௌ போன்றவை இந்த வேலைக்கு ஆகாது; மாவை நெகிழ்த்திவிடும். அவற்றை வெறும் பருப்போடு சேர்த்துக் கூட்டாக்குவதே சரி. கீரையை இரவில் சாப்பிடுவதில்லை என்ற வழக்கம் உள்ள வீடுகளில் அதை முதலிலேயே மதியத்துக்குப் போதுமான அளவில் மட்டும் சமைத்துவிடலாம்.

மீந்த சப்பாத்தியை நீளவாக்கில் நறுக்கி, வெங்காயம், தக்காளி வதக்கி, மிச்சக் குருமாவில் இரண்டு கரண்டி ஊற்றிக் கொத்தினால் கொத்துச் சப்பாத்தி. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இடியப்பத்தையும் இப்படிக் கொத்துவது வழக்கம். இடியப்பம் எஞ்சும் வீடுகளுக்கு எலுமிச்சைச் சேவையைவிட அது நல்ல மாறுதலாக இருக்கும். இட்லியை மட்டும் சூட்டோடு உதிர்க்காதீர்கள். ஃபிரிட்ஜில் இறுகிய இட்லியே மாவாகாமல் உதிரும். உப்புமாவாகத் தாளிக்கும்போது தண்ணீர் தெளித்து மூடினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

ஒன்றுமே மிஞ்சாத நாள் என்றும் ஒன்று உண்டு, அன்றுதான் கடைப் பரோட்டாவின் நினைவு வரும். அந்த நாளுக்கு அலமாரிதான் துணை: வறுத்து வைத்த ரவை, கெட்டி அவல், அரிசி நொய், பாசிப்பருப்பு, சுண்டைக்காய் அல்லது மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய், அப்பளம், பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். இவற்றில் நான் முதலிடம் தருவது கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதத்துக்கு. ஒரு கப் அரிசிக்குக் கால் கப்புக்குச் சற்று மேலாகத் துவரம்பருப்பு எடுத்துக் கழுவி ஊறவிட்டு, குக்கரிலேயே எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை, தட்டிய பூண்டு ஏழெட்டுப் பல், ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை கப் தண்ணீர் சேர்த்துக் கொதி வந்ததும் அரிசியையும் பருப்பையும் போட்டு மூடினால் நான்கு விசிலில் சாப்பாடு தயார். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் அப்பளம், கொஞ்சம் தயிர். இவ்வளவு எளிமையான ஒரு சாப்பாட்டை விட்டுவிட்டு வாரத்துக்கு மூன்று நாள் ரவை உப்புமா கிண்டுவதற்குக் காரணமே இல்லை. புளித்த மோர் நிறைய இருந்தால் மோர்க்கூழ் கிளறலாம். ஒரு கப் அரிசி மாவை இரண்டரை கப் புளித்த மோரில் கட்டியில்லாமல் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அதில் ஊற்றிக் கைவிடாமல் கிளறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும்.

காய் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் குப்பைக்குப் போகும் பாதியையும் ஒரு தடவை பாருங்கள். பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல், பூக்கோஸின் இளந்தண்டு ஆகியவை துவையலுக்கே பிறந்தவை. காலையில் பீர்க்கங்காய் சீவும்போது நரம்பின் முரட்டு முனையை மட்டும் நீக்கிவிட்டு, தோலைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மாலையில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் உளுத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் நான்கு, பெருங்காயம் வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் தோலைப் பச்சை வாடை போகும் வரை, ஓரங்கள் சுருண்டு நிறம் மங்கும் வரை வதக்கி, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளியும் உப்பும் வைத்துத் தண்ணீர் அதிகம் விடாமல் கரகரப்பாக அரைக்க வேண்டும். மிளகாயையும் தோலையும் முதலில் அரைத்து, பருப்பைக் கடைசியில் போட்டு ஓரிரு சுற்று மட்டும் விட்டால்தான் பல்லில் தட்டுப்படும் அந்தப் பதம் கிடைக்கும். ஆவி காட்டிய மீந்த சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றி இந்தத் துவையலைப் பிசைந்து சாப்பிட்டால் குழம்பே தேவைப்படாது.

கடைசியாக, புளித்த மாவு. மாவில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஃபிரிட்ஜுக்குள்ளும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருப்பதால் நான்காம் ஐந்தாம் நாளில் புளிப்பு ஏறுவது இயல்பு. அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. மேலே நிறம் மாறிப் பூஞ்சணம் தெரிந்தாலோ, புளிப்பு மணம் மாறி அழுகல் வாடை வந்தாலோ மட்டும் கொட்டிவிடுங்கள். புளித்த மாவில் இட்லி ஊற்ற வேண்டாம், தட்டையாகப் போகும். புளிப்பை அடக்குவதற்குச் சோடா உப்பு போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது புளிப்போடு மாவின் சுவையையும் கெடுத்துவிடுகிறது என்பது என் எண்ணம். மூன்று கப் மாவுக்கு அரை கப் ரவையோ கால் கப் அரிசி மாவோ சேர்த்துக் கால் மணி ஊறவிட்டால் புளிப்பு பரவிக் குறைந்துவிடும். சிவந்து வருவதற்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போடலாம். பிறகு கடுகு, கடலைப்பருப்பு தாளித்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் கண்ணாடிப் பதம் வரும் வரை வதக்கி, ஆறியபின் மாவில் கொட்டிக் கலந்து, பணியாரக் குழிகளில் அரை தேக்கரண்டி எண்ணெய் விட்டு முக்கால் குழி அளவுக்கு ஊற்றி, தீயைக் குறைத்து மூடுங்கள். ஓரம் சிவந்து குழியைவிட்டுத் தானாகக் கழன்று வந்ததும் குச்சியால் திருப்பிவிட வேண்டும். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே மாவாகவே இருக்கும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி அரைக்க நேரமில்லை என்றால், நான்கு காய்ந்த மிளகாய், ஒரு கை சின்ன வெங்காயம், சிறிது புளி, உப்பு ஆகியவற்றைப் பச்சையாகவே அரைத்து நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள். புளித்த மாவுப் பணியாரத்துக்குத் தேங்காய்ச் சட்னியைவிட இந்தக் காரச் சட்னிதான் பொருத்தம்.